பழைய கார்டுக்குத் தனி வேலை

கோவில்பட்டி, சாத்தூர், கழுகுமலை, விளாத்திகுளம் பக்கத்து ஸ்டூடியோக்களில் முகூர்த்த மாதம் பிறந்துவிட்டால் கம்ப்யூட்டருக்கு ஓய்வு கிடையாது. தையில், வைகாசியில், ஆவணியில் கல்யாணங்கள் அடுக்கடுக்காக வரும். நடுவில் காதுகுத்து, சடங்கு, புதுமனை புகுவிழா, கோவில் கொடை. ஒரு கல்யாணத்துக்கு இரண்டு கேமரா, ஒரு ட்ரோன் என்று எடுத்த 4கே வீடியோ ஹார்ட் டிஸ்க்கை நிரப்பிவிடும். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை. அப்போதுதான் கேபினெட்டைத் திறந்து புழுதி தட்டுவார்கள், ராம் கூட்டுவார்கள், கையில் காசு இருந்தால் கிராபிக்ஸ் கார்டை மாற்றுவார்கள். புதுக் கார்டு உள்ளே போனதும், பழையது புதுசு வந்த பெட்டிக்குள்ளேயே படுத்துக்கொள்கிறது.

அதையும் பக்கத்து ஸ்லாட்டில் சொருகினால் வேகம் இரட்டிப்பாகுமா என்ற கேள்வி அங்கேதான் பிறக்கிறது. இரட்டிப்பாகாது. அந்த ஒரு பதிலோடு பேச்சை முடித்துக்கொள்கிறவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. ஒரே வேலையை இரண்டு கார்டும் சேர்ந்து இழுக்கும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். பழையதன் தகுதிக்கேற்ற தனி வேலை ஒன்று கையில் இருந்தால் அதற்குக் கேபினெட்டில் இடம் கொடுக்கலாம். அப்படி ஒரு வேலை நம்மிடம் உண்டா, அதற்கு மின்சாரத்திலும் வெக்கையிலும் டிரைவரிலும் என்ன விலை கொடுக்கிறோம் என்பதைத்தான் எடைபோட வேண்டும்.

இரட்டிப்பு என்ற நம்பிக்கைக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1998இல் 3டிஎஃப்எக்ஸ் நிறுவனம் வூடூ2 கார்டுகள் இரண்டைக் கோத்து, திரையின் ஒற்றைப்படை வரிகளை ஒன்றும் இரட்டைப்படை வரிகளை மற்றொன்றும் வரையச் செய்தது. 2004இல் என்விடியா எஸ்எல்ஐ என்று அதைப் புது உருவில் கொண்டுவந்தது. 2005இல் ஏடிஐ நிறுவனத்தின் கிராஸ்ஃபயர் வந்தது. பெரும்பாலும் ஒரு ஃபிரேமை ஒரு கார்டும் அடுத்த ஃபிரேமை மற்றதும் மாற்றி மாற்றி வரையும். எஸ்எல்ஐக்கு இரண்டு கார்டிலும் ஒரே வகைச் சிப் வேண்டும். ஆக, புதுசோடு பழசைச் சேர்ப்பது அந்தக் காலத்திலும் நடக்காத காரியம். ஒத்த ஜோடியிலேயே ஃபிரேம்கள் சீரான இடைவெளியில் வராமல் படம் திக்கித் திக்கி ஓடிய தொல்லை கடைசிவரை தீரவில்லை. ஒவ்வொரு விளையாட்டுக்கும் தனித்தனியாக அமைப்பு எழுத வேண்டியிருந்தது. 2021 ஜனவரியோடு புதிய எஸ்எல்ஐ அமைப்புகள் எழுதுவதை என்விடியா நிறுத்திக்கொண்டது. ஜிபோர்ஸ் வரிசையில் கார்டையும் கார்டையும் கோக்கும் இணைப்பு 3090, 3090 டிஐயோடு முடிந்துபோனது.

அதே காலத்தில் சத்தமில்லாமல் வேலை செய்த இன்னொரு ஏற்பாடு இருந்தது. 2008இல் ஏஜியா நிறுவனத்தை வாங்கிய என்விடியா, அதன் ஃபிஸ்எக்ஸ் தொழில்நுட்பத்தைத் தன் கார்டுகளில் ஓடவிட்டது. உடைந்து சிதறும் கண்ணாடி, காற்றில் ஆடும் துணி, புகை ஆகியவற்றின் கணக்கைப் போடுவது ஃபிஸ்எக்ஸின் வேலை. புதுக் கார்டு காட்சியை வரையும், பழைய கார்டு இந்தக் கணக்கை மட்டும் பார்த்துக்கொள்ளும் என்று பிரித்துவிட முடிந்தது. சிப் ஒத்திருக்கத் தேவையில்லை. 2009இல், முதன்மைக் கார்டு ஏடிஐ என்றால் ஃபிஸ்எக்ஸ் ஓடாதபடி என்விடியா தன் டிரைவரிலேயே அடைத்தது; அது தொழில்நுட்பத் தடையல்ல, வியாபாரத் தடை. 2025 ஜனவரியில் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில் 32 பிட் ஃபிஸ்எக்ஸ் இல்லாமல் போனது. மிரர்ஸ் எட்ஜ், பார்டர்லேண்ட்ஸ் 2 போன்ற பழைய விளையாட்டுகள் பல ஆயிரம் ரூபாய் கார்டில் தடுமாறின. பெட்டியில் கிடந்த பழைய கார்டை எடுத்துப் பக்கத்தில் சொருகியவர்களுக்கு அவை மறுபடி சரளமாக ஓடின. அந்த ஆண்டு டிசம்பரில் சில விளையாட்டுகளுக்கு மட்டும் அந்த வசதியை நிறுவனம் திரும்பக் கொடுத்தது.

கரிசல்காட்டு விவசாயிக்கு இந்த வேறுபாட்டை நீட்டி விளக்க வேண்டியதில்லை. மானாவாரிப் பருத்தியில் உளுந்தை ஊடுபயிராகப் போடுகிறவர், இரண்டும் ஒரே வேகத்தில் வளரும் என்று எதிர்பார்ப்பதில்லை. உளுந்து குறுகிய நாளில் காய்த்து வெளியேறிவிடும். பருத்தி நின்று நிதானமாக வெடிக்கும். தண்ணீரும் வெயிலும் வேண்டிய காலம் இரண்டுக்கும் வேறு வேறு என்பதால்தான் ஒரே மண்ணில் ஒத்துப்போகின்றன. 1901இல் தொடங்கிய கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் இத்தகைய மானாவாரிச் சேர்க்கைகளைத்தான் தொடர்ந்து ஆராய்ந்து பரிந்துரைத்து வருகிறது. எதை எதோடு போடுவது என்ற தேர்வில்தான் மகசூல் இருக்கிறது; ஒத்துவராத ஜோடியைப் போட்டால் இரண்டும் கெடும்.

ஸ்டூடியோவின் ஜோடிப் பொருத்தத்தைப் பார்ப்போம். எடிட்டிங் மென்பொருள் இரண்டு கார்டையும் தானே பயன்படுத்திக்கொள்ளும் என்பது பொதுவான எண்ணம். விண்டோஸில் டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு ஒரு கார்டை மட்டுமே எடுத்துக்கொள்ளும்; கூடுதல் கார்டுக்குக் காசு கொடுத்து வாங்கும் ஸ்டூடியோ பதிப்பு வேண்டும். அதிலும் அளவொத்த கார்டுகள் இருந்தால்தான் நன்றாக ஓடும். 12 ஜிபி கார்டுக்குப் பக்கத்தில் 4 ஜிபி கார்டை வைத்தால், சிறியதன் நினைவகம் நிரம்பியதும் வேலை நின்றுபோகும். நம் பக்கத்துக் கல்யாண வீடியோக்காரர்கள் நெடுநாள் நம்பிய எடியஸ் மென்பொருளோ பிராசஸரையும், இன்டெல் பிராசஸருக்குள் இருக்கும் குயிக் சிங்க் சுற்றையும் வைத்தே பெரும்பாலும் ஓடியது. அங்கே இரண்டாவது கார்டு சும்மா சூடேறிக்கொண்டிருக்கும்.

இந்த இடத்தில், பழைய கார்டைப் பற்றிய பேச்சில் பலர் கவனிக்காமல் விடும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நிறைய ஸ்டூடியோக்களில் சிறந்த இரண்டாவது கார்டு ஏற்கெனவே பிராசஸருக்குள் இருக்கிறது. சோனி ஏ7 IV, எஃப்எக்ஸ்3 போன்ற கேமராக்களில் எச்.265, 10 பிட், 4:2:2 என்று பதிவு செய்தால் வண்ணம் திருத்தும்போது படம் நன்றாக ஒத்துழைக்கும். ஆனால் அந்த வீடியோவை விரித்துக் காட்டும் சுற்று ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக்கு முந்திய எந்த ஜிபோர்ஸ் கார்டிலும் இல்லை. 11ஆம் தலைமுறை முதலான இன்டெல் டெஸ்க்டாப் பிராசஸர்களின் உள் கிராபிக்ஸில் அது இருக்கிறது. டைம்லைன் விக்கி விக்கி ஓடுகிறதே என்று பழைய ஜிடிஎக்ஸ் 1060ஐத் தேடி எடுத்துச் சொருகுகிறவருக்கு, பயாஸில் உள் கிராபிக்ஸை விழிக்கவைத்தாலே தொல்லை பாதி தீர்ந்துவிடும். பெயரின் முடிவில் எஃப் என்று வரும் பிராசஸர்களில் இந்த உள் கிராபிக்ஸ் வேலை செய்யாது. சில நூறோ ஆயிரமோ ரூபாய் மிச்சம் என்று அசெம்பிள் செய்யும் கடையில் எஃப் ரகத்தைத் தலையில் கட்டியிருந்தால், அந்த மிச்சம் எடிட்டிங் மேசையில் நஷ்டமாகத் திரும்பி வரும்.

2020க்குப் பிறகு கல்யாணத்தை யூடியூபில் நேரலையாகக் காட்டும் வழக்கம் ஊர்ப்புறத்திலும் ஊன்றிவிட்டது. வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் உறவுக்காரர்கள் தாலி கட்டுவதைப் பார்க்க வேண்டும். இந்த நேரலையின் சுமையைப் பழைய கார்டிடம் ஒப்படைக்கலாம் என்ற யோசனை அடிக்கடி காதில் விழுகிறது. அது வேண்டாத வேலை. வீடியோவைச் சுருக்கி அனுப்பும் என்வென்க் சுற்று கார்டுக்குள்ளேயே தனியாக இருக்கிறது; அது ஓடுவதால் படம் வரையும் பகுதிக்குப் பெரிய இடைஞ்சல் இல்லை. வேறொரு கார்டில் சுருக்கச் சொன்னால் ஒவ்வொரு ஃபிரேமையும் ஒரு கார்டிலிருந்து இன்னொன்றுக்குச் சுமந்து போக வேண்டும். சுமந்த செலவுதான் மிச்சம்.

பிறகு எங்கேதான் உதவும்? ஒரே நேரத்தில் இரண்டு வேறு வேலை நடக்கும் இடத்தில். புதுக் கார்டு மூன்று மணி நேர வீடியோவை எக்ஸ்போர்ட் செய்துகொண்டிருக்கும்போது, பழைய கார்டில் ஆல்பத்துக்கான படங்களைத் திருத்தலாம், மங்கிய பழைய கறுப்பு வெள்ளைப் படத்தைப் பெரிதாக்கித் தெளிவாக்கும் செயலியை ஓடவிடலாம். விண்டோஸ் 11இன் கிராபிக்ஸ் அமைப்பில் ஒவ்வொரு செயலிக்கும் எந்தக் கார்டு என்று குறித்துவிட முடியும். மென்பொருள் தன்னிடம் அந்தத் தேர்வை வைத்துக்கொண்டிருந்தால் அங்கே குறிக்க வேண்டும். இதில் எதுவும் தனியாக வேகமாவதில்லை. ஆனால் எக்ஸ்போர்ட் முடியட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்காரும் நேரம் போய்விடுகிறது. ஆவணி முகூர்த்தத்தில் ஆறு ஆல்பம் நிலுவையில் இருக்கும் கடைக்கு அந்த நேரம் பெரிது.

முப்பரிமாண வேலை செய்கிறவர்களுக்கு, அதாவது நகைக்கடை விளம்பரமோ வீட்டு வரைபடமோ பிளெண்டரில் செய்கிறவர்களுக்கு, இன்னும் நேரடியான லாபம் உண்டு. பிளெண்டரின் சைக்கிள்ஸ் ரெண்டர் ஒரு படத்தை இரண்டு சமமற்ற கார்டுகளுக்கும் அவற்றின் வேகத்துக்கேற்பப் பங்கு வைத்துக் கொடுக்கும். அனிமேஷன் என்றால் பிளெண்டரை இரண்டு முறை திறந்து, ஒற்றைப்படை ஃபிரேம்களை ஒரு கார்டுக்கும் இரட்டைப்படையை மற்றதற்கும் ஒதுக்கிவிடலாம். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது: காட்சி முழுவதும் ஒவ்வொரு கார்டின் நினைவகத்திலும் தனித்தனியாக ஏற வேண்டும். அங்கே 12 ஜிபியும் 6 ஜிபியும் சேர்ந்து 18 ஆகாது. கனமான காட்சி 6 ஜிபியில் ஏறாவிட்டால் பழைய கார்டு துணையாக இராது, தடையாகிவிடும்.

12ம் 6ம் உண்மையாகவே 18 ஆகும் இடம் ஒன்று இருக்கிறது. கடந்த இரண்டு மூன்று ஆண்டுகளில் பழைய கார்டுக்குப் புதிய மதிப்பு வந்ததற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். சொந்தக் கம்ப்யூட்டரில் மொழி மாதிரிகளை ஓட்டுகிறவர்கள் லாமா.சிபிபி போன்ற மென்பொருளில் மாதிரியின் அடுக்குகளைப் பிரித்து, சில அடுக்குகளை ஒரு கார்டிலும் மீதியை மற்றதிலும் ஏற்றுகிறார்கள். ஒரு கார்டு தன் பங்கு அடுக்குகளை முடித்து, சிறிய விடையை மட்டும் அடுத்த கார்டுக்குக் கைமாற்றும். கைமாறும் சரக்கு சிறிது என்பதால் இரண்டாவது ஸ்லாட் மெதுவானதாக இருந்தாலும் பெரிய பாதகமில்லை.

கணக்குப் போட்டே பார்க்கலாம். ஆர்டிஎக்ஸ் 3060இல் 12 ஜிபி நினைவகம், நொடிக்கு 360 ஜிபி படிக்கும். ஜிடிஎக்ஸ் 1060இல் 6 ஜிபி, நொடிக்கு 192 ஜிபி. 14 ஜிபி அளவுள்ள ஒரு மாதிரியை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு சொல்துண்டை உருவாக்கவும் அதை ஒருமுறை முழுக்கப் படித்தாக வேண்டும். 9 ஜிபி புதுக் கார்டில், 5 ஜிபி பழையதில் என்றால் 25 மில்லிநொடியும் 26 மில்லிநொடியும் சேர்ந்து ஏறக்குறைய 51. நொடிக்கு 19 துண்டு வரை உச்சம். பழைய கார்டு இல்லாமல் அந்த 5 ஜிபியைக் கம்ப்யூட்டரின் டிடிஆர்4 ராமில் வைத்தால், இரட்டைச் சேனல் 3200 ராம் நொடிக்கு 51.2 ஜிபிதான் படிக்கும்; அந்தப் பகுதிக்கு மட்டும் 98 மில்லிநொடி, மொத்தம் 123; நொடிக்கு 8 துண்டு. நடைமுறையில் இரண்டு எண்ணும் குறையும், ஆனால் விகிதம் ஏறத்தாழ நிற்கும். 2016இல் வந்த கார்டு, விளையாட்டுக்கு ஓய்வு கொடுக்கப்பட்ட பிறகு, ஒரு வேலையின் வேகத்தை இரண்டு மடங்குக்கு மேல் உயர்த்துகிறது. முதலில் இரட்டிப்பாகாது என்றேன். இங்கே ஆகிறதென்றால், ராமைவிட வேகமான ஓர் இடத்தை அது கொடுப்பதால் ஆகிறது. புதுக் கார்டின் வேகம் அப்படியேதான் இருக்கிறது.

தமிழ் வேலைக்கும் இதில் இடமிருக்கிறது. ஐஐடி மெட்ராஸின் ஏஐ4பாரத் 2023இல் வெளியிட்ட இண்டிக்டிரான்ஸ்2 அட்டவணை மொழிகள் 22க்கும் மொழிபெயர்க்கும் திறந்த மாதிரி; அதை ஓட்டப் பெரிய கார்டு வேண்டாம். ஓப்பன்ஏஐ 2022இல் வெளியிட்ட விஸ்பர், பேச்சை எழுத்தாக்கும். எண்களைச் சுருக்கிய 8 பிட் வடிவில் அது 6 ஜிபி கார்டில் அடங்கும். 1060 போன்ற பாஸ்கல் தலைமுறைக் கார்டுகள் 16 பிட் தசமக் கணக்கில் மிக மந்தம், 32 பிட் வேகத்தில் 64இல் ஒரு பங்குதான். 8 பிட் முழு எண் கணக்கிலோ சுறுசுறுப்பு. அதை அறிந்து வடிவத்தைத் தேர்ந்தால் பழைய கார்டு இரவு முழுவதும் உட்கார்ந்து எழுதிக் கொடுக்கும். இந்த வட்டாரத்துக்கு இது வெறும் பொழுதுபோக்கல்ல. இடைசெவல் கி. ராஜநாராயணன் வாய்மொழிக் கதைகளையும் கரிசல் சொற்களையும் காலமெல்லாம் சேர்த்து அகராதியாகவும் தொகுப்பாகவும் தந்த நிலம் இது. கல்லூரி ஆய்வுக்காகப் பதிவு செய்த கதைசொல்லிகளின் பேச்சு, கொடை விழா வில்லுப்பாட்டு, ஒப்பாரி என்று எழுத்தாக்கப்படாத ஒலிப்பதிவுகள் எத்தனை வீடுகளில் கிடக்கின்றன! வட்டாரப் பேச்சில் விஸ்பர் நிறையத் தவறும். ஒவ்வொரு வரியையும் காது கொடுத்துத் திருத்தத்தான் வேண்டும். என்றாலும் வெற்றுத்தாளிலிருந்து தொடங்குவதைவிடத் தவறான வரைவிலிருந்து தொடங்குவது எளிது. பகலில் கல்யாண வீடியோ, இரவில் கதைகள் என்று ஓடும் கார்டைப் பெட்டியில் பூட்டுவது எனக்குப் பெருங்குறையாகத் தெரிகிறது.

இனி செலவுப் பக்கம். மின்கட்டணத்தைச் சொல்லிப் பயமுறுத்துவார்கள், அது பெரிதல்ல. சும்மா இருக்கும் கார்டு சுமார் 5 முதல் 10 வாட் இழுக்கும். 10 வாட் என்றே வைத்து நாளுக்கு 12 மணி நேரம் ஓடினாலும் மாதம் 3.6 யூனிட்தான். உண்மையான இடி யூபிஎஸ்ஸில் விழும். 600 விஏ என்று போட்டிருக்கும் சாதாரண யூபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். 3060க்கு 170 வாட், 1060க்கு 120, பிராசஸருக்கு 90, மானிட்டர், போர்டு, டிஸ்க், மின்விசிறிக்கு 70 என்று கூட்டினால் 450 வருகிறது. ஒரு கார்டோடு கரண்ட் போனபோதெல்லாம் காப்பாற்றிய யூபிஎஸ், இரண்டு கார்டும் முழுவீச்சில் ஓடும்போது கரண்ட் போன அந்த நொடியே கைவிரிக்கும். எக்ஸ்போர்ட் பாதியில் சாவதோடு டிஸ்க்கும் கெடலாம். பழைய கார்டைச் சேர்க்கும் எவரும் யூபிஎஸ், எஸ்எம்பிஎஸ் இரண்டின் வாட்டையும் முதலில் கூட்டிப் பார்க்க வேண்டும். எஸ்எம்பிஎஸ்ஸில் 6 பின் வயர் மிச்சமில்லை என்று சாட்டா வயரிலிருந்து மாற்றி போடுவது ஆபத்து. சாட்டா இணைப்பு 12 வோல்ட்டில் 54 வாட்டுக்குத்தான் வடிவமைக்கப்பட்டது. 6 பின் 75 வாட் வரை இழுக்கும். உருகிய பிளாஸ்டிக் வாடை வந்த பிறகு தெரிந்து பயனில்லை.

வெக்கை இன்னொன்று. சித்திரை, வைகாசியில் ஓடோ தகரமோ வேய்ந்த மாடி அறையில் ஏசி இல்லாமல் ஓடும் ஸ்டூடியோக்கள் இங்கே உண்டு. நெருக்கமான இரண்டு ஸ்லாட்டில் கார்டுகளைப் போட்டால், கீழ்க் கார்டு விடும் சூட்டை மேல் கார்டு மூச்சாக இழுக்கும். பெரும்பாலும் மேலே இருப்பது புதுசு. ஆக, பழையதைக் காப்பாற்றப் போய்ப் புதியதன் ஆயுளைக் குறைக்கிறோம். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்று கயத்தாற்றுக் காற்றாலைகளைச் சுற்றுவதோடு கரிசல் புழுதியையும் கிளப்பிக்கொண்டு வரும். மாவு போன்ற அந்தப் புழுதி ஹீட்சிங்க் தகடுகளுக்குள் போய்ப் படிந்து, ஐப்பசி ஈரத்தில் பிசுபிசுத்து ஒட்டிக்கொள்ளும். இரண்டு கார்டு என்றால் மின்விசிறிகளும் இரட்டிப்பு, துடைக்கும் வேலையும் இரட்டிப்பு. ஆஃப்டர்பர்னர் போன்ற கருவியில் பழைய கார்டின் மின் உச்சத்தை 70 சதவீதமாக இறக்கிவிடலாம். சூடு நன்றாகக் குறையும், வேகம் அந்த அளவுக்குக் குறையாது. இது நான் எல்லோருக்கும் சொல்லும் யோசனை.

மதர்போர்டும் கைகொடுக்க வேண்டும். விலை குறைவென்று பரவலாக விற்ற எச்610 போர்டுகளில் நீள ஸ்லாட் பொதுவாக ஒன்றுதான். பி450 போர்டுகளில் இரண்டாவது நீள ஸ்லாட் பெரும்பாலும் பிசிஐ எக்ஸ்பிரஸ் 2.0இன் 4 லேன். முதல் ஸ்லாட் நொடிக்கு ஏறத்தாழ 16 ஜிபி கடத்தும்போது இது 2 ஜிபி கடத்தும். மொழி மாதிரிக்கு அது போதும், தொடக்கத்தில் ஏற்ற இரண்டு மூன்று நொடி கூடுதலாகும், அவ்வளவே. ஃபிரேம்களைக் கைமாற்றும் வேலைக்கு அது குறுகலான சந்து. லாஸ்லெஸ் ஸ்கேலிங் செயலியில் இடைஃபிரேம்களைப் பழைய கார்டில் உருவாக்கி விளையாட்டை வழுவழுப்பாக்க நினைக்கும் இளைஞர்கள் முட்டிக்கொள்வதும் பெரும்பாலும் இந்தச் சந்தில்தான்.

இத்தனையையும் கூட்டிப் பார்த்தால், பல கடைகளுக்குப் பழைய கார்டைப் புதுசின் பக்கத்தில் குடிவைப்பதைவிடத் தனிக்குடித்தனம் வைப்பதே மேல் என்று தோன்றுகிறது. 1050 டிஐ, 1650 போன்றவற்றில் பல மாடல்கள் 75 வாட்டுக்குள் அடங்கி, தனி மின்வயர் இல்லாமல் ஸ்லாட்டிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும். அலுவலகங்கள் கழித்துக்கட்டிய பழைய டெஸ்க்டாப் ஒன்றில் அதைச் சொருகினால் ஆல்பம் திருத்த இரண்டாவது மேசை தயார். ஒன்று பழுதானால் மற்றொன்று முகூர்த்த நாளில் கைகொடுக்கும். ஒரே கேபினெட்டில் இரண்டு கார்டு வைத்தவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. நினைவகத்தைச் சேர்த்தே ஆக வேண்டிய மொழி மாதிரி வேலையும், பிளெண்டர் ரெண்டரும் மட்டுமே இந்தத் தீர்ப்புக்கு விலக்கு.

எல்லாவற்றையும்விடப் பெரிய குறை டிரைவரில் இருக்கிறது. விண்டோஸில் என்விடியா கார்டு எத்தனை இருந்தாலும் டிரைவர் ஒன்றே. இரண்டு கார்டையும் அறிந்த டிரைவர்தான் வேண்டும். மேக்ஸ்வெல், பாஸ்கல் தலைமுறைகளுக்கு, அதாவது 900, 1000 வரிசைகளுக்கு, விளையாட்டு மேம்பாடுகளோடு வரும் டிரைவர் 2025 அக்டோபரோடு நின்றது; இனி 2028 அக்டோபர் வரை காலாண்டுக்கொரு பாதுகாப்புத் திருத்தம் மட்டும். 580 என்ற கிளையே அவற்றின் கடைசி. பக்கத்தில் 1060 இருக்கும்வரை புதுக் கார்டும் 580ஐத் தாண்ட முடியாது. பழையது புதியதற்குத் துணை என்று தொடங்கிய ஏற்பாடு, புதியதைப் பழையதன் காலத்தில் கட்டிப்போடுவதாக மாறிவிடுகிறது. செயற்கை நுண்ணறிவு வேலையில் சிக்கல் இன்னும் இறுக்கம். ஆர்டிஎக்ஸ் 5060க்கு என்விடியாவின் கூடா (CUDA) மென்பொருளில் 12.8ஆம் பதிப்பாவது வேண்டும், மாதிரிகளை ஓட்ட உதவும் பைடார்ச்சின் 12.8 ஆயத்தக் கட்டுகளோ பாஸ்கலைக் கைவிட்டுவிட்டன. புதியது கேட்கும் அதே பொட்டலத்தில் பழையதற்கு இடமில்லை. லாமா.சிபிபி போன்றவற்றை நாமே கம்பைல் செய்து தப்பிக்கலாம். அது எல்லா ஸ்டூடியோக்காரருக்கும் கைவராது.

ஆகவே இரண்டாவது கார்டைத் தேர்வதில் வேகத்தைவிடத் தலைமுறையைப் பார்க்க வேண்டியிருக்கிறது. 1080 கார்டு 1650ஐவிட வெகு வேகம், நினைவகமும் இரண்டு பங்கு. என்றாலும் 1650 டூரிங் தலைமுறை. அதற்கு டிரைவர் தொடர்கிறது. நீண்டநாள் துணைக்கு இளைத்த 1650தான் பொருத்தம். வேறு கம்பெனிக் கார்டு என்றால் இந்தத் தளையே இல்லை: ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 580க்கு அதன் டிரைவர், ஆர்டிஎக்ஸ் கார்டுக்கு அதன் டிரைவர் என்று இரண்டும் அக்கம்பக்கத்தில் ஓடும், இரு கம்பெனிக்கும் பொதுவான வல்கன் வழியாக லாமா.சிபிபி இரண்டையும் சேர்த்தே பயன்படுத்தும்.

2016 ஜூலையில் வந்த 1060க்கு ஒன்பது ஆண்டு முழு ஆதரவும் அதற்கு மேல் மூன்றாண்டு பாதுகாப்பும் கொடுத்தது குறைவென்று சொல்ல மாட்டேன். பல கைபேசி நிறுவனங்கள் இதில் பாதிகூடக் கொடுப்பதில்லை. என் மனத்தாங்கல் அதற்குப் பிறகு நடப்பதைப் பற்றியது. லினக்ஸில் ஆர்எக்ஸ் 580 போன்ற ஏஎம்டி கார்டுகளுக்குத் திறந்த டிரைவர் இருக்கிறது. கம்பெனி விலகிக்கொண்டாலும் மற்றவர்கள் அதைப் பேணலாம். 2022 மே மாதம் என்விடியா திறந்துவிட்ட லினக்ஸ் டிரைவர் பகுதியோ டூரிங்கும் அதற்குப் பிந்தியவையும் மட்டுமே அறியும். தன்னார்வலர்கள் எழுதிய நூவோ டிரைவர் பாஸ்கல் கார்டை விழிக்கவைக்கும். அதன் கடிகார வேகத்தை உயர்த்த மட்டும் அதனால் முடியாது. அதற்கு வேண்டிய, நிறுவனத்தின் கையெழுத்து பெற்ற ஃபர்ம்வேர் வெளியே தரப்படவில்லை. மின்விசிறி சுற்றுகிறது, நினைவகம் நன்றாக இருக்கிறது, சிப்பில் பழுதில்லை. ஆனாலும் 2028க்குப் பிறகு பாதுகாப்பான டிரைவரோடு முழு வேகத்தில் அதை ஓட்ட வழியிருக்காது. 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள நம் நாட்டு மின்கழிவு விதிகள் உற்பத்தியாளரிடம் மறுசுழற்சிக் கடமையைச் சுமத்துகின்றன, பழுதுபார்த்து மறுபயன்பாட்டுக்கு விடுகிறவர்களையும் கணக்கில் எடுத்துக்கொள்கின்றன. ஆனால் நன்றாக ஓடும் பொருளை டிரைவர் இல்லாமையால் கழிவாக்குவதை அவை தொடவில்லை. ஆதரவை நிறுத்தும் நாளில் அந்த ஃபர்ம்வேரை வெளியிட வேண்டும் என்று ஒரு விதி சேர்ந்தால், கோவில்பட்டி மாடி அறையில் இருக்கும் 1060 எத்தனை ஆண்டு உழைக்கலாம் என்பதை அதன் சிப்பும் அதை வைத்திருப்பவரின் தேவையும் முடிவு செய்யும்.